கோடாலிக் காம்பு

ஒஸ்லோவில் பள்ளிக்கூட வாத்தியக் குழுக்களுக்குக் காசு சேர்ப்பதற்காக வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பழைய சாமான் சந்தை போடுவார்கள். 'லொப்பமார்க்கெட்' என்பது அதன் பெயர். தமிழில் சொன்னால் தெள்ளுச் சந்தை. அப்படியொரு சந்தையில், உடைந்த பனிச்சறுக்குக் கட்டைகளுக்கும் பூட்டுத் திறப்பில்லாத சூட்கேசுகளுக்கும் நடுவில் கிடந்த கோடாலித் தலையொன்றை 20 குரோணருக்கு வாங்கினேன். காம்பு இல்லை. துளைக்குள் முறிந்த மரத்தின் மிச்சம் கறுத்து இறுகிப்போயிருந்தது. துருவைத் தேய்த்தபோது 'முஸ்டாட்' என்ற முத்திரை தெரிந்தது. 1832இல் யோவிக் நகருக்குப் பக்கத்தில் ஆணியும் கம்பியும் செய்யத் தொடங்கிய பட்டறை அது. பிறகு மீன் தூண்டில்களால் உலகமெங்கும் பெயரெடுத்தது, கோடாலியும் செய்தது.

நான் வேலை செய்யும் றெஸ்ரோறன்றில் விறகு அடுப்பு இருக்கிறது. பீற்சா அதில்தான் வேகும். பேர்ச் மர விறகு பெரிய கொத்துகளாக வந்திறங்கும். அதைச் சின்னனாகப் பிளந்து அடுக்குவது கோப்பை கழுவுபவனின் வேலை. கோப்பையிலிருந்து வெங்காயத்துக்கும், வெங்காயத்திலிருந்து மாவுக்கும் 'பதவி உயர்வு' பெற்ற பிறகும் அந்த வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. குசினியின் பின்கதவைத் திறந்து வெளியே போக அதைவிட நல்ல சாட்டு வேறில்லை. அங்கே கிடந்த கோடாலி பிளாஸ்ரிக் பிடி போட்டது. அடித்தால் முழங்கை வரைக்கும் அதிரும்.

அப்பாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். அவர் இப்போது கிளிநொச்சிப் பக்கம், அக்காவுடன் இருக்கிறார்.

"அப்பா, ஒரு பழைய கோடாலி வாங்கினனான். காம்பு போட வேணும்."

"அங்கை விண்ணாங்கு கிடைக்குமோ?"

"இல்லையப்பா. இஞ்சை வேறை மரங்கள்."

"அப்ப நார் நீளமா ஓடுற மரமாப் பார். வைரமெண்டதை மட்டும் பாத்து எடுத்துப்போடாதை தம்பி. பாலையும் வைரந்தான், ஆனா கையைக் கொல்லும். பச்சைத் தடியிலையும் போட்டிடாதை."

1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது எனக்கு ஐந்து வயது. அந்த நடை எனக்குத் துண்டுதுண்டாகத்தான் ஞாபகம். மிச்சத்தை அம்மா சொல்லித்தான் அறிந்தேன். புறப்படுவதற்கு முன்னர் அப்பா கோடாலியை நிலத்தில் குத்தி, காம்பைத் தட்டிக் கழற்றி எறிந்துவிட்டு, தலையை மட்டும் சாக்கில் சுற்றி அரிசிப் பையின் அடியில் வைத்தாராம். அம்மா ஏசியிருக்கிறா: பிள்ளைகளின் உடுப்புக்கே இடமில்லை, இரும்பைக் கட்டுகிறீர்களே என்று. காம்பு எங்கேயும் வெட்டலாம், இரும்பை எங்கே போய் வெட்டுவது என்பது அப்பாவின் பதில். தென்மராட்சியில் சில மாதம், பிறகு கிளாலிக் கடலால் வன்னி. அங்கே முதலில் வெட்டியது ஒரு விண்ணாங்குத் தடி. அதை நிழலில் போட்டுக் காயவைக்கப் பொறுமையில்லாமல் பச்சையாகவே போட்டிருக்கிறார். இரண்டு கிழமையில் தலை கழன்று பறந்தது. யாருக்கும் அடிபடவில்லை. பிறகு காய்ந்த தடியில் புதிய காம்பு போட்டு, அந்தக் கோடாலியால் கொட்டில் போட்டோம். விறகு வெட்டிச் சைக்கிளில் கட்டி விற்றோம். 2009 தொடக்கத்தில் பதுங்குகுழிக்குப் பனங்குற்றி அறுக்க வாளில்லாத இடத்தில் கொத்தினோம். கடைசியில் அது எங்கே விடுபட்டது என்று எங்கள் வீட்டில் மூன்று பேர் மூன்று இடம் சொல்வார்கள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நான் வரலாறு படித்தேன், இரண்டாம் வருடம் வரைக்கும். பிறகு நாட்டை விட்டுப் புறப்பட வேண்டியதாயிற்று. அங்கே படித்த வரலாற்றில் அரசர்கள் இருந்தார்கள், குளங்கள் இருந்தன, கல்வெட்டுகள் இருந்தன. கோடாலிக் காம்பு இருக்கவில்லை. இருக்கவும் முடியாது: மரம் உக்கிப்போகிறது. ஆதிச்சநல்லூரில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கிளறியெடுத்த இரும்புக் கருவிகளும் சரி, விதர்ப்பாவின் பெருங்கற்காலக் கல்வட்டங்களில் கிடைத்த கோடாலிகளும் சரி, இரும்பு இருக்கிறது, காம்பு இல்லை. விதர்ப்பாக் கோடாலிகளில் துளை கிடையாது. தட்டையான அலகின் மேல் குறுக்காக இரும்புப் பட்டிகள் போட்டிருக்கின்றன. காம்பை அந்தப் பட்டிகள்தான் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கப்பட்ட மரம் என்னவென்பதை இரும்பு சொல்லாது.

காம்பு தப்பிப் பிழைக்க வேண்டுமென்றால் பனியோ சேறோ தண்ணீரோ மூட வேண்டும். அயர்லாந்தின் கொறிப் ஏரியடியில் மூழ்கிய தோணியொன்றில் வைக்கிங் காலப் போர்க்கோடாலிகள் கிடைத்தன. ஒன்றுக்குச் செரி மரக் காம்பு அப்படியே இருந்தது. டென்மார்க்கின் லொலண்ட் தீவில் கடலடிச் சுரங்கப் பாதைக்காக நிலத்தைக் கிளறியபோது, 2014இல், சேற்றில் நட்டபடி ஒரு கற்கோடாலி காம்போடு வெளிவந்தது. வயது ஏறத்தாழ 5,500 ஆண்டுகள். யாரோ வேண்டுமென்றே நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் புகழ்பெற்றது 1991 செப்ரெம்பர் 19ஆம் திகதி, அவுஸ்திரியா–இத்தாலி எல்லையில் 3,210 மீற்றர் உயரத்தில், உருகிய பனிக்குள்ளிருந்து வெளிப்பட்ட மனிதனுடையது. 'ஏற்சி' என்று அவனுக்குப் பெயர் வைத்தார்கள். முதலில் மலையேறப் போய்ச் செத்த யாரோ ஒருவன் என்றுதான் நினைத்தார்கள். இன்ஸ்புறூக் பல்கலைக்கழகப் பேராசிரியர் கொன்றாட் ஸ்பின்ட்லர் உடலோடு கிடந்த கோடாலியைப் பார்த்துத்தான் குறைந்தது 4,000 வருடம் என்றார். பிறகு செய்த காலக்கணிப்பு அதையும் தாண்டி 5,000க்கு மேலே போயிற்று. அந்தக் கோடாலியின் அலகு கிட்டத்தட்ட கலப்பில்லாத செம்பு, 9.5 சென்ரிமீற்றர் நீளம். காம்பு யூ மரம், 60 சென்ரிமீற்றர். அடிமரத்திலிருந்து கிளை பிரியும் இடமாகப் பார்த்து, முழங்கால் மடித்த வடிவத்தில் வெட்டியிருக்கிறான். மடிப்பின் நுனியைப் பிளந்து செம்பைச் செருகி, பேர்ச் பட்டையிலிருந்து காய்ச்சிய கீலால் ஒட்டி, தோல்வாரால் வரிந்து கட்டியிருக்கிறான். செம்பு இத்தாலியின் தெற்கு தொஸ்கானாவிலிருந்து வந்தது என்பது 2017இல் தெரியவந்தது. இரும்பும் செம்பும் தூரத்திலிருந்து வரும். காம்பை அவரவர் ஊரிலேதான் வெட்ட வேண்டும். அவன் தோளில் அம்பு பாய்ந்திருந்ததை 2001இல் எக்ஸ்றேயில் கண்டார்கள். கொன்றவர்கள் அந்தக் கோடாலியை ஏன் எடுத்துக்கொண்டு போகவில்லை என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

ஏற்சியின் கோடாலிக்கும் எனது 20 குரோணர் கோடாலிக்கும் இடையில் நடந்த மாற்றம் ஒன்றுதான். அவனுடையதில் உலோகம் மரத்துக்குள் போகிறது. அடிக்க அடிக்க உலோகமே ஆப்பாகி மரத்தைப் பிளக்கப் பார்க்கும். அதனால்தான் அவ்வளவு கட்டு, அவ்வளவு கீல். என்னுடையதில் மரம் உலோகத்துக்குள் போகிறது. துளை சுற்றிவரப் பிடித்துக்கொள்வதால் மரம் பிளக்க வழியில்லை. ஆனால் புதிதாக ஒரு ஆபத்து வந்து சேர்ந்தது: தலை கழன்று பறக்கலாம்.

இந்தப் பறக்கும் தலைதான் என்னை வேறொரு புத்தகத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. வேலையில்லாத திங்கட்கிழமைகளில் நான் டைக்மன் நூலகத்தில் இருப்பேன். சூடாகவும் இருக்கும், காசும் கேட்கமாட்டார்கள். பைபிளின் பழைய ஏற்பாட்டில் உபாகமம் 19ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் வருகிறது. ஒருவன் தன் அயலானோடு காட்டுக்கு விறகு வெட்டப் போகிறான், கோடாலியை ஓங்குகிறான், இரும்பு கழன்று அயலான் மேல் பட்டு அவன் செத்துப்போகிறான். முன்பகை எதுவுமில்லை. செத்தவனின் உறவினன் பழிவாங்கத் துரத்துவான். அப்படித் துரத்தப்படுபவன் ஓடிப் புகுவதற்கென்று நாட்டில் அடைக்கலப் பட்டணங்களை ஒதுக்கிவைக்க வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்தால் அவன் உயிர் பிழைக்கலாம். யோசுவாவின் புத்தகம் ஆறு பட்டணங்களைப் பெயர் சொல்கிறது: யோர்தானுக்கு மேற்கே கேதேஸ், சீகேம், எப்ரோன், கிழக்கே பேசேர், ராமோத், கோலான்.

அகதிச் சட்டத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் 1951ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையிலிருந்து தொடங்குவார்கள். கொஞ்சம் பின்னால் போனால் 1922இல் நோர்வேக்காரர் நான்சனின் பெயரால் வந்த கடவுச்சீட்டு. இரண்டும் எங்களுக்குப் பழக்கமானவை. ஆனால் அடைக்கலம் பற்றி எழுதி வைக்கப்பட்ட மிகப் பழைய சட்டங்களில் ஒன்று, சரியாக இறுக்கப்படாத கோடாலிக் காம்பொன்றை உதாரணம் காட்டித் தன்னை விளக்குகிறது என்பதை எந்த முகாமிலும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

அதோடு முடியவில்லை. ஏறத்தாழ கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதர்களின் மிஷ்னாவில், 'மக்கோத்' என்ற பகுதியில், இந்தச் சட்டத்தை வைத்து ஒரு வாதம் நடக்கிறது. இரும்பு எதிலிருந்து கழன்றது? மூலத்தில் உள்ள எபிரேயச் சொல் தமிழில் 'மரம்' என்பதைப் போன்றது: நிற்கும் மரமும் அதுதான், வெட்டிச் செதுக்கிய மரமும் அதுதான். இரும்பு காம்பாகிய மரத்திலிருந்து கழன்று அடித்ததா, அல்லது வெட்டப்பட்ட மரத்திலிருந்து சிராய் தெறித்து அடித்ததா? காம்பிலிருந்து கழன்றதென்றால் அவன் அடைக்கலப் பட்டணத்துக்குப் போக வேண்டும், சிராய் தெறித்ததென்றால் போக வேண்டியதில்லை என்கிறார்கள் பெரும்பான்மை அறிஞர்கள். யூதா ஹநாசி என்ற பெரியவர் நேர்மாறாகச் சொல்கிறார். ஒருவன் வீட்டை விட்டுப் போவதா இருப்பதா என்பது ஒரு சொல்லின் இரண்டு பொருளில் தொங்குகிறது. எங்களில் பலருக்கு இது புதிதல்ல. விசாரணையில் 'பிடித்தார்கள்' என்று நாங்கள் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் எப்படிச் சொன்னார் என்பதில் வருடக்கணக்காகத் தொங்கியவர்கள் இருக்கிறார்கள்.

அந்த நூலில் இன்னும் சில விடயங்கள் என்னைப் புத்தகத்தை மூடவிடவில்லை. அடைக்கலம் புகுந்தவன் பிரதான ஆசாரியன் சாகும்வரை அந்தப் பட்டணத்தை விட்டு வெளியேற முடியாது. அவர் செத்தால்தான் ஊருக்குத் திரும்பலாம். ஆகவே ஆசாரியர்களின் தாய்மார் அகதிகளுக்குச் சாப்பாடும் உடுப்பும் கொடுப்பார்களாம். ஏனென்றால், இவர்கள் தங்கள் பிள்ளைகள் சாக வேண்டுமென்று கும்பிடாமல் இருக்க வேண்டுமே! நிவாரணம் கொடுக்கிறவர்களின் மனதை இவ்வளவு வெளிப்படையாக எழுதி வைத்த சட்டப் புத்தகம் வேறு உண்டா தெரியாது. தல்மூத்தின் பிற்பகுதி, நாற்சந்திகளில் 'அடைக்கலம்' என்று வழிகாட்டிப் பலகை நாட்ட வேண்டும் என்கிறது. ஓடி வருகிறவன் வழி தெரியாமல் நிற்கக் கூடாதாம். நான் ஐரோப்பாவுக்கு வந்த வழியில் பலகைகள் இருந்தன. அவை வேறு விடயம் சொல்லின.

காம்புக்கு வருவோம். நோர்வேயில் கோடாலிக் காம்புக்கு எடுக்கும் மரங்கள் பேர்ச்சும் 'ஆஸ்க்' என்பதும். ஆஸ்க் என்பது ஆங்கிலத்தில் ஆஷ். இந்த நாட்டுப் பழங்கதைகளில் உலகத்தைத் தாங்கி நிற்கும் இக்ட்ராசில் மரம் ஆஸ்க். கரையொதுங்கிய மரத்திலிருந்து தெய்வங்கள் உண்டாக்கிய முதல் மனிதனின் பெயரும் ஆஸ்க்தான். நாருக்கும் பெயர்போனது. ஒவ்வொரு வளையத்திலும் வசந்தத்தில் வளர்ந்த பகுதி துவாரம் நிறைந்தது, கோடையில் வளர்ந்த பகுதி இறுக்கமானது. அடியின் அதிர்வை வாங்கிக்கொண்டு வளைந்து நிமிரும். அப்பா சொன்ன 'நார் ஓடுற மரம்' இதுதான்.

கடையில் வாங்கினால் பெரும்பாலும் ஹிக்கரிக் காம்பு கிடைக்கும். அது வட அமெரிக்க மரம். ஒரு காலத்தில் ஐரோப்பாவிலும் ஹிக்கரி வளர்ந்தது. பனி யுகங்கள் வந்து அதை அழித்துவிட்டன, இன்று புதைபடிவங்கள்தான் மிச்சம். அமெரிக்காவில் குடியேறிய ஐரோப்பியர் தங்கள் கோடாலியைக் கொண்டுபோனார்கள், அங்கத்தைய மரத்தில் காம்பு போட்டார்கள், காடுகளை வெட்டினார்கள். 1819இல் மசச்சூசெற்ஸில் தொமஸ் பிளான்சார்ட் என்பவர் ஒரு மாதிரியைத் தடவித் தடவி அதே வடிவத்தைக் கடைந்தெடுக்கும் இயந்திரமொன்றைக் கண்டுபிடித்தார். துப்பாக்கிக் கட்டைக்காகச் செய்தது. பிறகு சப்பாத்து அச்சுக்கும் கோடாலிக் காம்புக்கும் பயன்பட்டது. வளைந்த காம்புகள் ஆயிரக்கணக்கில் ஒரே அச்சில் வெளிவந்தது அதற்குப் பிறகுதான். அதுவரை காம்பென்றால் பிடிக்கிறவனின் கைக்கு அளவெடுத்தது.

எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர் இருக்கிறார். நிலவறையில் மரத் துண்டுகளை இன்னும் சேர்த்து வைத்திருக்கிறார். அவரிடம் கேட்டபோது ஒரு ஆஸ்க் பலகையைத் தூக்கி வந்து, குறுக்கு முகத்தைத் துடைத்து, வளையங்களைக் காட்டினார். வளையக் கோடுகள் கோடாலியின் வாய் பார்க்கும் திசையிலேயே ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் ஒருநாள் முறியும். நீளவாக்கில் நார் காம்பின் ஒரு நுனியிலிருந்து மற்ற நுனிவரை அறாமல் போக வேண்டும். ஆகவே அறுத்த பலகையை விடப் பிளந்த கட்டை நல்லது. பிளவு நாரின் வழியே போகும், வாள் தன் வழியே போகும். அவரிடம் இருந்த பலகை அப்படிப் பிளந்து எடுத்தது, நிலவறையில் பல வருடம் காய்ந்தது. காசு வாங்கவில்லை. "இனி இந்த மரம் கிடைக்காது" என்றார்.

மனிதர் சும்மா சொல்லவில்லை. 1992இல் போலந்தில் ஆஸ்க் மரங்கள் நுனியிலிருந்து காய்ந்து சாவதை முதலில் கவனித்தார்கள். கிழக்காசியாவிலிருந்து வந்த ஒரு பூஞ்சணம் காரணம். அங்கத்தைய ஆஷ் இனங்களுக்கு அதனால் பெரிய தீங்கில்லை. 2008இல் நோர்வேக்கு வந்தது. இப்போது இந்த நாட்டின் அருகிவரும் இனங்களின் பட்டியலில் ஆஸ்க் இருக்கிறது.

பலகையோடு படியேறும்போது அவர் சிரித்துக்கொண்டே, "குட்டாக், மன்! ஒக்சஸ்காப்ட்!" என்றார். நான் அந்த வாசகத்தை முதன்முதல் கேட்டது வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது கிழமை. சமையல்காரர் என்னிடம் ஏதோ கேட்டார். நான் முதல்நாள் வகுப்பில் பாடமாக்கிய பதிலைச் சொன்னேன். குசினி முழுவதும் சிரித்தது. 'வணக்கமையா!' என்றதற்கு 'கோடாலிக் காம்பு!' என்று பதில் சொன்ன மாதிரி என்று அர்த்தம். கேள்வி ஒன்று, பதில் வேறொன்று. அஸ்பியோர்ன்சனும் மூவும் 19ஆம் நூற்றாண்டில் தொகுத்த நோர்வே நாட்டார் கதையொன்றிலிருந்து வந்த மரபுத்தொடர் இது.

கதை இதுதான். காது கேளாத தோணிக்காரன் ஒருவன். மனைவியும் பிள்ளைகளும் காசையெல்லாம் கரைத்துக் கடன்பட்டுவிட்டு, அறவிட அதிகாரி வரும் நாளில் கிழவனைத் தனியே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். கிழவன் கோடாலிக் காம்பு செதுக்கியபடி, அதிகாரி என்னென்ன கேட்பான் என்று முன்கூட்டியே யோசித்துப் பதில்களை வரிசையாகத் தயாராக்குகிறான். முதலில் என்ன செதுக்குகிறாய் என்பான். காம்பு என்று சொல்லலாம். எவ்வளவு நீளம் என்பான். இந்தக் கணு வரைக்கும். பிறகு தோணியைக் கேட்பான், குதிரையைக் கேட்பான், மாட்டுக் கொட்டிலுக்கு வழி கேட்பான். அதிகாரி வருகிறான், வணக்கம் சொல்கிறான், சத்திரம் எவ்வளவு தூரம் என்கிறான், மனைவி எங்கே, மகள் எங்கே என்கிறான். கிழவனோ தயாராக்கிய வரிசை மாறாமல் காம்பு, கணு, தோணி, குதிரை என்று சொல்லிக்கொண்டு போகிறான். மனைவியைக் கேட்டதற்குத் தோணியின் வெடிப்பும், மகளைக் கேட்டதற்குக் குதிரையின் சினையும் பதிலாக வருகின்றன. நோர்வேப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அகதி விசாரணைக்குப் போவதற்கு முன்னிரவு நான் என்ன செய்தேன் என்பது எனக்குத் தெரியும். முதலில் பெயர் கேட்பார்கள், பிறகு ஊர், பிறகு பயண வழி, பிறகு என்ன நடந்தது. பலர் சொல்லித்தந்த வரிசையில் பதில்களை அடுக்கி வைத்திருந்தேன். அதிகாரி முதலில் கேட்டது, வரும்போது பனி கொட்டியதா, குளிருக்கு உடுப்பு இருக்கிறதா என்று. நான் பிறந்த திகதியைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். தயாராக்கிய பதில் பொய்யாக இருக்க வேண்டுமென்று எந்தக் கட்டாயமும் இல்லை. அந்தக் கிழவன் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. அவனுக்குக் காது கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நோர்வேக்காரருக்குக் கோடாலிக் காம்பு பகிடி. எங்களுக்கு அது வசை. குலத்தைக் கெடுக்க வந்த கோடாலிக் காம்பு என்று எங்கள் ஊர்களில் கிழவிகள் ஏசுவார்கள். மரத்தை வெட்டும் கோடாலிக்கு மரமே பிடியாவது போல, சொந்தச் சனத்துக்கு எதிராகப் பகைவனுக்குக் கைகொடுப்பவன். இது தமிழனின் கண்டுபிடிப்பு என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். இல்லை. ஈசாப்பின் பெயரில் வழங்கும் கதைகளில், மனிதன் காட்டிடம் வந்து ஒரே ஒரு காம்பு கேட்டு வாங்கிப் பின்பு காட்டையே வெட்டுகிறான். பிரான்சில் லா பொந்தேன் இதைக் கவிதையாக்கினார். அகிகார் என்ற அசீரிய அமைச்சனின் கதையின் சிரிய மொழி வடிவத்தில், என்னுடையது ஒன்று உன் கையில் இல்லாதிருந்தால் நீ என்னை வீழ்த்தியிருக்க மாட்டாய் என்ற கருத்தில் மரம் பேசுகிறது. யூதர்களின் ஆதியாகம உரையொன்றில், இரும்பு படைக்கப்பட்டபோது மரங்கள் நடுங்கின. இரும்பு சொன்னது, உங்களில் ஒருவரும் எனக்குள் வராவிட்டால் உங்களில் ஒருவருக்கும் கேடில்லை என்று.

இவற்றில் பலவற்றை ஆண்டவர்களைவிட ஆளப்பட்டவர்கள்தான் காப்பாற்றி வைத்தார்கள் என்று நினைக்கிறேன். தோற்றவனுக்குத் தோல்விக்கு ஒரு காரணம் வேண்டும். இரும்பின் கூர்மையைக் காரணம் சொல்வதைவிடக் காம்பைக் காரணம் சொல்வது மனதுக்கு இலகு. ஆனால் தல்மூத்தில், சன்ஹெத்ரின் பகுதியில், இதே பழமொழி தலைகீழாக நிற்கிறது. காட்டை வெட்டும் கோடாலிக்குக் காம்பு காட்டிலிருந்தே வரும் என்று அங்கே சொல்லப்படுவது யாரைப் பற்றி? ஏதோமுக்கு எதிராகத் தீர்க்கதரிசனம் சொன்ன ஒபதியாவைப் பற்றி. அவர் ஏதோமியராகப் பிறந்து யூதரானவர் என்பது மரபு. மோவாபியப் பெண் ரூத்தின் வழியில் வந்து மோவாபை வென்ற தாவீதைப் பற்றியும் அதையே சொல்கிறார்கள். ஏசுவதற்காக அல்ல. வெல்லும் பக்கத்தில் நின்று பார்த்தால் கோடாலிக் காம்பு தீர்க்கதரிசி, அரசன்.

எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன விலை கொடுத்தோம் என்பதை இதை வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 80களில் மின்கம்பங்களில் கட்டித் தூக்கிய அட்டைகளை எனக்கு முந்தியவர்கள் கண்டார்கள். நான் கண்டது சின்ன விடயம். வன்னியில் எங்கள் கொட்டிலுக்கு மூன்றாம் கொட்டிலில் ஒருவர் இருந்தார். அப்பாவோடு விறகுக்குப் போகிறவர், காம்பு செதுக்குவதில் கெட்டிக்காரர், எங்கள் விண்ணாங்குக் காம்பும் அவர் கைவேலை. அவரை யாரோ அந்தப் பெயரால் சொன்னார்கள். என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. பிறகு அவர் விறகுக்கு வரவில்லை. அவர் மனைவி சைக்கிளை விற்றா. அப்பா அதன் பிறகு அந்தச் சொல்லை வாயில் எடுத்ததில்லை; 'கோடாலிப் பிடி' என்றுதான் சொல்வார். ரெலிபோனிலும் நான்தான் காம்பு, காம்பு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒஸ்லோவில், கோயில் கணக்கைக் காட்டும்படி கேட்ட ஒருவருக்கு அதே பட்டத்தைக் கூட்டத்தில் எழுந்து நின்று கொடுத்தார்கள். மனிதர் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். நாடு மாறினால் சொல்லின் விலை குறைகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

முறிந்த மிச்சத்தைத் துளையிலிருந்து எடுக்க நெருப்பில் போடலாம் என்றுதான் நினைத்தேன், அடுப்பு கிட்டவே எரிகிறதே! தச்சர் கையைப் பிடித்துவிட்டார். நெருப்பில் போட்டால் வாயின் பதம் போய்விடும், பிறகு அது கோடாலியல்ல, எடைக்கல். துளைபோட்டு, உளியால் கொத்தி எடுத்தோம். பலகையில் 70 சென்ரிமீற்றர் அளந்து, சீவி, முரட்டு அரத்தால் அராவி, காம்பை உருண்டையாக விடாமல் நீள்வட்டமாக்கினேன். உருண்டையென்றால் இருட்டில் வாய் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியாது. துளையின் உட்புறத்தில் அடுப்புக் கரியைப் பூசிக் காம்பைச் செருகி எடுத்தால், எங்கே உரசுகிறதோ அங்கே கறுக்கும். கறுத்த இடத்தை மட்டும் அராவுவது. இப்படி இருபது முப்பது முறை. மூன்று இரவு போயிற்று.

ஏற்றும்போது தலையை அடிப்பதில்லை. கோடாலியைத் தலைகீழாகக் காற்றில் தொங்கப் பிடித்துக்கொண்டு, காம்பின் அடிநுனியில் மரச் சுத்தியலால் அடிக்க வேண்டும். பாரமான இரும்பு தன் இடத்தை விட்டு அசைய மறுக்கும். காம்புதான் அதற்குள் இறங்கும். ஒவ்வொரு அடிக்கும் தலை தானாக மேலே ஏறுவது போலத் தெரியும். காம்பின் நுனியில் முன்னரே வாளால் கீறிவைத்த பிளவில் காய்ந்த மரத்தில் சீவிய ஆப்பை வைத்து இறுக்கி, ஒரு சில மில்லிமீற்றர் வெளியே விட்டு அறுத்தேன். தண்ணீரில் ஊறப்போட்டால் இறுகும் என்று குசினியில் ஒருவன் யோசனை சொன்னான். எங்கள் ஊரிலும் அப்படிச் செய்வார்கள். ஊறிய மரம் துளைக்குள் பெருக்க இடமில்லாமல் தன் நாரைத் தானே நசுக்கிக்கொள்ளும். காய்ந்ததும் முன்னரைவிடத் தளரும். ஆளிவிதை எண்ணெய்தான் பூசினேன்.

படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். "பிடி வடிவாயிருக்கு. கொஞ்சம் மெல்லிசு," என்று மட்டும் பதில் வந்தது.

டிசெம்பரில் வெளியே பனி, உள்ளே அடுப்பின் வெக்கை. மரம் இன்னும் காய்ந்திருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை இரவு அடிக்கும்போது தலை ஒரு நூல் அளவு அசைவது கையில் தெரிந்தது. விறகு பொறுக்கிக்கொண்டு எதிரே நின்ற எரித்திரியப் பொடியனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, சுத்தியலை எடுத்துவந்து ஆப்பை இன்னும் இரண்டு அடி இறக்கினேன். உள்ளேயிருந்து மூன்று மார்கரீற்றா கேட்டார்கள்.